கேதாரகௌரி விரதமும் இல்லத்துச் செல்வமும்

சைவ மக்கள் அநுட்டிக்கும் விரதங்களுள் இல்லறத்தாரின் வாழ்வோடு மிக நெருங்கிய தொடர்புடையது கேதாரகௌரி விரதம். கணவனும் மனைவியும் பிரியாதிருத்தல், குடி தழைத்தல், வறுமை நீங்கல் என்னும் பயன்களை வேண்டி இது நோற்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் மகளிரேயன்றி ஆடவரும் இதனைக் கைக்கொள்வர். புலன்வழிச் செல்லும் மனத்தை அடக்கி இறைவன்பால் நிறுத்துவதற்காக உணவை விடுவதோ குறைப்பதோ விரதம் எனப்படும். ஆசையை அடக்குவதே விரதமாயின், செல்வத்தில் ஆசைகொண்டு விரதம் இருத்தல் முரணாகாதோ என ஐயுறுவார் உளர். இவ்வையத்துக்கு விடை இவ்விரதத்தின் கதையிலும் கிரியையிலுமே பொதிந்து கிடக்கின்றது.

முதற்கண் விரதகாலத்தை நோக்குவோம். புரட்டாதி மாதத்துச் சுக்கிலபட்ச தசமி தொடங்கி ஐப்பசி மாதத்துத் தீபாவளி அமாவாசை ஈறாக 21 நாள் இதனை அநுட்டித்தல் சிறப்பு. தசமி முதற் பூரணை வரை ஆறு திதிகளும், தேய்பிறைப் பிரதமை முதல் அமாவாசை வரை பதினைந்து திதிகளும் சேர 21 ஆதல் காண்க. அத்துணை நாள் இயலாதார் தேய்பிறைப் பிரதமை முதல் 14 நாளோ, அட்டமி முதல் 7 நாளோ, இறுதியில் ஒரு நாள் மாத்திரமோ நோற்கலாம் என ஆறுமுக நாவலர் (1822-1879) தமது சைவவினாவிடையில் விதி கூறினார். உடல் வலியும் வாழ்க்கைச் சூழலும் யாவர்க்கும் ஒன்றல்ல என்பதை உணர்ந்தே முன்னோர் இவ்வாறு வகுத்தனர் போலும்.

இனி, விரதம் தோன்றிய வரலாறு வருமாறு: கயிலையில் அம்மையும் அப்பனும் ஒருங்கிருப்ப, தேவரும் முனிவரும் இருவரையும் வலம்வந்து வணங்கினர். பிருங்கி முனிவர் மாத்திரம் வண்டுருக் கொண்டு இறைவனை மட்டுமே வலம்வந்தார். அதுகண்ட அம்மை, சத்தியின் கூறாகிய தசையையும் குருதியையும் அவருடலினின்றும் நீக்கினார். நிற்கவியலாது தளர்ந்த முனிவருக்கு இறைவன் ஊன்றுகோல் ஈந்து அருளினார். கோயிற் சிற்பங்களிற் பிருங்கி மூன்று காலுடன் காட்சி தருவது இதுபற்றியே. அம்மை கயிலையை நீங்கிக் கௌதம முனிவரின் ஆச்சிரமத்தை அடைந்தார். மழையின்றி வாடிக்கிடந்த அவ்வனம் அம்மை வந்ததும் தளிர்த்துப் பூத்தது. முனிவர் உரைத்தவாறு அம்மை இவ்விரதத்தை நோற்று, இறைவன் திருமேனியில் இடப்பாகம் பெற்றார். அர்த்தநாரீசுவர வடிவம் மூலவராய் விளங்கும் திருச்செங்கோட்டுத் தலவரலாறும் இவ்விரதத்தோடு தொடர்புடையது.

இங்கு அம்மை வேண்டியது யாது? முழுமையன்று; பாதி. தனியாட்சியை அவர் வேண்டினாரில்லை. பங்கினையே வேண்டினார். இறைவனும் தன்னிற் பாதியைக் கொடுத்ததனாற் குறைந்தானல்லன். பகிர்ந்துகொள்ளப்படுவது குறைவதில்லை என்னும் உண்மையே இவ்விரதத்தின் முதற் பாடம். கேதாரம் என்னும் சொல் இமயத்துத் திருத்தலத்தைக் குறிக்கும். ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. அச்சொல்லுக்கு நீர் பாயும் வயல் என்னும் பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்து உழவர் வடகீழ்ப் பருவமழையை எதிர்நோக்கி வயலில் நெல் விதைக்கும் காலமும் இவ்விரத காலமும் ஒட்டி வருதல் நினைந்து மகிழத்தக்கது.

இல்லத்தில் இவ்விரதம் நோற்கும் முறை எளியது. வீட்டைக் கழுவி மெழுகி, அதிகாலையில் நீராடித் திருநீறணிந்து, மஞ்சளினாற் பிள்ளையார் பிடித்து அறுகு சாத்தி வணங்குதல் வேண்டும். பின்னர்த் தலைவாழையிலையில் அரிசி பரப்பி, நீர் நிறைந்த கும்பம் வைத்து, மாவிலையும் தேங்காயும் பொருந்தச் செய்து, அதில் கேதாரநாதரையும் கௌரியையும் நினைந்து மலரிட்டு வழிபடுவர். ஒருபொழுது உணவுண்டு நாள்தோறும் வழிபாடாற்றி, இறுதிநாளில் உபவாசம் இருத்தல் முறை. அன்று வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், அதிரசம் என்பன ஒவ்வொன்றும் இருபத்தொன்றாகப் படைத்து, விரதகதை படித்து, இருபத்தோரிழையாலாகிய காப்பை ஆடவர் வலக்கையிலும் மகளிர் இடக்கையிலும் கட்டிக்கொள்வர். தமிழ்நாட்டிற் பல குடும்பங்கள் தீபாவளியை ஒட்டி ஒருநாள் நோன்பாக இதனை வீட்டிலேயே நிகழ்த்துகின்றன. யாழ்ப்பாணத்திலோ பெரும்பாலார் 21 நாளும் கோயிற் பூசையிற் கலந்துகொண்டு, நிறைவுநாளில் அர்ச்சகர் கையாற் காப்புப் பெறுகின்றனர். போரினாற் புலம்பெயர்ந்தோர் தாம் சென்ற நாடுகளில் எழுப்பிய ஆலயங்களிலும் இவ்வழக்கம் தொடர்கின்றது. கோயில் தொலைவாக உள்ளோர்க்கு இல்லமே கோயிலாதலில் யாதொரு குறையுமில்லை.

விரதகதையின் பிற்பகுதி செல்வம்பற்றிய வினாவுக்கு நேரே விடை தருகின்றது. அரசு இழந்து வறுமையுற்ற மன்னன் ஒருவனுக்குப் புண்ணியவதி, பாக்கியவதி என இரு புதல்வியர். அவர்கள் இவ்விரதத்தை நோற்றுச் சீர்பெற்று, மன்னர் இருவர்க்கு மனைவியராயினர். செல்வம் பெருகிய பின் பாக்கியவதி நோன்புக் காப்பை அற்பமென எண்ணிக் கழற்றி அவரைக்கொடிமேல் எறிந்தாள். அன்று தொட்டு அவள் வாழ்வு தாழ்ந்தது, நாடும் போயிற்று. பசிக்கு ஆற்றாது தன் மகனைத் தமக்கையிடம் அனுப்பினாள். தமக்கை கொடுத்த பொருளும் வழியிலேயே பறிபோயிற்று. பின்னர்த் தன் பிழையை உணர்ந்து மீண்டும் நோற்று, இழந்தவற்றை அவள் பெற்றாள் என்பது கதை.

இக்கதையைக் கேட்போர், காப்பை எறிந்தமைக்குத் தெய்வம் ஒறுத்தது என்று மாத்திரம் கொள்வராயின் அதன் உட்பொருளை இழப்பர். காப்பு என்பது வெறும் நூலன்று. வறுமையில் தாம் பட்டதையும் அப்போது தம்மைத் தாங்கிய அருளையும் நினைப்பூட்டும் அடையாளம். அதனை எறிந்தவள் தன் பழைய பசியை மறந்தாள். பசியை மறந்த செல்வம் பிறர் பசியை அறியாது. அத்தகைய செல்வம் நிலைப்பதில்லை என்பதே கதை உணர்த்தும் உண்மை. தமக்கை ஈந்த பொருளும் தங்காமற் போனமை, உள்ளத்தில் மாற்றம் நிகழாதவிடத்துப் பிறர் உதவியும் பயன்படாது என்பதைக் காட்டும்.

ஈண்டு ஒன்று வற்புறுத்தற்பாலது. இருபத்தொரு அதிரசம் சுடவும் பட்டுடுக்கவும் கடன்பட்டு வருந்தும் ஏழைக் குடும்பங்கள் உண்டு. அயலார் ஏளனத்துக்கு அஞ்சி வசதிக்கு மிஞ்சிச் செலவிடுதல் விரதமாகாது. கதையில் வரும் புதல்வியரும் வறியவராயிருந்தே நோற்றனர். ஓரிலை, ஒரு மலர், ஒரு குவளை நீர் என்பனவும் அன்போடு இடப்படின் நிறைந்த பூசையே. மறுபுறம், வசதியுடையார் படைத்த பலகாரங்களைத் தம் உறவினரோடு நிறுத்தாமல் அயலில் அடுப்பெரியாத வீட்டுக்கும் அனுப்புவராயின், பாதியைப் பகிர்ந்த இறைவனின் வழியில் நின்றோராவர். வள்ளுவரும் விருந்தோம்பலையும் ஒப்புரவையும் ஈகையையும் இல்லறவியலில் வைத்தே ஓதினார்.

ஆகவே செல்வம் வேண்டி விரதமிருத்தல் முரணன்று. ஒருபொழுது உண்பவர் பசியின் இயல்பை அறிகின்றார்; பசியை அறிந்தவரிடத்துச் செல்வம் சேரின் அது பலர்க்கும் பயன்படும். செல்வத்தைத் தாங்குதற்குரிய உள்ளத்தைப் பண்படுத்துதலே விரதத்தின் பணி. உழாத வயலில் மழை பெய்தாலும் களையே மண்டும். உழுத வயலிலோ சிறுமழையும் பயிராகும். கேதாரகௌரி விரதம் இல்லறத்தாரின் உள்ளமாகிய அவ்வயலை ஆண்டுதோறும் உழுது வைக்கின்றது.