வைட்ஃபீல்டில் விடைபெறும் செப்புக் கம்பி: மின்சாரம் போனால் தொலைபேசிக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: வீட்டுத் தொலைபேசியை இணையத்தின் வழியே இயக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு முழுமையான விடை சொல்ல மத்திய அரசுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த விடை வந்த மறு ஆண்டே பெங்களூருவின் கிழக்குப் புறநகரான வைட்ஃபீல்டு போன்ற பகுதிகளில் கேள்வி பொருளற்றதாகிவிட்டது. செப்புக் கம்பியில் வந்த பழைய இணைப்பை ஒப்படைத்துவிட்டு, கண்ணாடி இழை வடத்தில் வரும் பிராட்பேண்டுடன் சேர்த்துத் தரப்படும் தொலைபேசிக்கு வீடுகள் மாறத் தொடங்கின.

இந்த மாற்றத்தால் மக்களுக்குக் கிடைத்த நன்மை சிறிதல்ல. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் உள்ள மகனுடன் ஒரு நிமிடம் பேச ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆனது. உள்நாட்டுக்குள் எஸ்.டி.டி. அழைப்பு என்றாலே இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, கட்டணம் குறையும் நேரம் பார்த்துப் பேசிய குடும்பங்கள் பல. இன்று உள்நாட்டு அழைப்புக்குத் தனிக் கட்டணமே இல்லை. மாதக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால், இந்தப் பரிமாற்றத்தில் ஓசையின்றி ஒரு பொறுப்பும் கைமாறியிருக்கிறது. மின்சாரம் தடைப்பட்டாலும் தொலைபேசியை இயங்க வைக்கும் பொறுப்பு, தொலைபேசி இணைப்பகத்திடமிருந்து வீட்டுக்காரரின் தலையில் இறங்கியிருக்கிறது.

கம்பியோடு வந்த மின்சாரம்

பழைய தரைவழித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை என்பதை ஒரு தலைமுறை மறந்தே போய்விட்டது. குரலைச் சுமந்த அதே இரட்டைச் செப்புக் கம்பியில் 48 வோல்ட் நேர் மின்சாரமும் இணைப்பகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இணைப்பகத்தின் தரைத்தளத்தில் வரிசையாக மின்கலங்கள். அவை தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். ஊரே இருண்டு கிடக்கும்போதும் ஒலிவாங்கியை எடுத்தால் 'டயல் டோன்' கேட்டதன் காரணம் இதுதான். அந்த மின்கலங்களையும் டீசலையும் பராமரிக்கும் செலவு மாத வாடகையில் அடங்கியிருந்தது. யாரும் அதைத் தனியாகக் கேட்கவில்லை, தனியாகக் கொடுக்கவும் இல்லை.

கண்ணாடி இழையில் ஒளி செல்லும். தொலைபேசியை இயக்கும் மின்சாரம் செல்லாது. குரல் சிறு சிறு தரவுப் பொட்டலங்களாக மாற்றப்பட்டு அனுப்பப்படுகிறது. அதைச் செய்யும் மோடம் வீட்டுச் சுவரில் உள்ள மின் இணைப்பில்தான் இயங்குகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மட்டும் போதாது. சில நிறுவனங்கள் மின்கம்பத்திலோ அடுக்குமாடியின் அடித்தளத்திலோ பொருத்தியுள்ள இணைப்புப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். வைட்ஃபீல்டின் பெரிய குடியிருப்பு வளாகங்களில் ஜெனரேட்டர் உண்டு. பழைய குடியேற்றப் பகுதியின் தனி வீடுகளுக்கும், காடுகோடி, ஹூடி, வர்த்தூர் பக்கத்துச் சிறு வாடகை வீடுகளுக்கும் அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் மாலையில், யாருடைய தொலைபேசி பேசும், யாருடையது ஊமையாகும் என்பதை இப்போது வீட்டுக்காரரின் பண வசதிதான் முடிவு செய்கிறது.

செல்லிடப்பேசி இருக்கிறதே என்று கேட்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்லிடப்பேசிக் கோபுரங்கள் மின்சாரமின்றி அடுத்தடுத்து முடங்கியதைக் கண்டவர்கள் அப்படிக் கேட்கத் தயங்குவார்கள்.

அதற்காகச் செப்புக் கம்பியைப் புகழ்ந்து கொண்டிருக்கவும் இயலாது. மெட்ரோ பணிக்காகவும் சாலை விரிவாக்கத்துக்காகவும் ஆண்டுக்கணக்கில் தோண்டப்பட்ட வைட்ஃபீல்டு சாலைகளில் நிலத்தடிக் கம்பி தப்பிப் பிழைப்பதே அரிதாக இருந்தது. காடுகோடி வரையிலான மெட்ரோ பாதை 2023 மார்ச் 25-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அதற்குள், அறுந்த கம்பியை இணைக்க ஆளும் இல்லாமல் போயிற்று. 2019-இல் அறிவிக்கப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பிஎஸ்என்எல் ஊழியர்கள் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ பாதிப் பேர், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பணியிலிருந்து விடைபெற்றனர். லைன்மேன் இல்லாத ஊரில் லேண்ட்லைன் எத்தனை நாள் உயிர் வாழும்?

வெளிநாட்டுக்குச் சரி, வர்த்தூருக்குத் தவறு

இணையவழி அழைப்பை முதலில் தடுத்ததும் இதே அரசுதான். 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, இப்போதைக்கு இணையத் தொலைபேசிக்கு அனுமதியில்லை என்று வெளிப்படையாகவே கூறியது. வெளிநாட்டு அழைப்புகள் அனைத்தும் அப்போது விஎஸ்என்எல் நிறுவனத்தின் ஏகபோகம். அதில் வந்த லாபமும், எஸ்.டி.டி. அழைப்புகளில் வந்த வருவாயுமே உள்ளூர் அழைப்பையும் கிராம இணைப்பையும் மலிவாக வைத்திருந்தன. இணையம் வழியே இலவசமாகப் பேச விட்டால் இந்த ஏற்பாடு சரிந்துவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இருந்தது. தனியார் நிறுவனங்கள் வந்த பிறகு, இந்த நஷ்டத்தை ஈடுகட்ட 2003-இல் கொண்டுவரப்பட்ட அணுகல் பற்றாக்குறைக் கட்டணமும் 2008-இல் முடிவுக்கு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

விஎஸ்என்எல் ஏகபோகம் 2002 மார்ச் 31 அன்று முடிந்தது. மறுநாளே, ஏப்ரல் 1 முதல், இணையத் தொலைபேசிக்கு அனுமதி வந்தது; ஆனால் பாதி அனுமதி. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம். இந்தியாவில் உள்ள கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். இந்தியாவுக்குள் உள்ள தொலைபேசிக்கு மட்டும் பேசக் கூடாது. வைட்ஃபீல்டு தொழில்நுட்பப் பூங்காவில் அமர்ந்திருக்கும் பொறியாளர் கலிஃபோர்னியாவில் உள்ள தொலைபேசியைத் தன் கணினியிலிருந்து அழைக்கலாம். சில கிலோமீட்டரில் உள்ள வர்த்தூர் வீட்டுத் தொலைபேசியை அழைத்தால் விதிமீறல். இந்த வேடிக்கை பதினாறு ஆண்டுகள் நீடித்தது.

இணைய சேவை நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடற்ற அனுமதி தரலாம் என்று டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2008 ஆகஸ்டிலேயே பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. அனுமதிக் கட்டணமும் அலைக்கற்றைக்குப் பெருந்தொகையும் செலுத்தும் செல்லிடப்பேசி நிறுவனங்கள், எதுவும் செலுத்தாதவர்கள் அதே தொழிலைச் செய்வதா என்று வாதிட்டன. 2014 நவம்பரில் ஸ்கைப் நிறுவனம் இந்தியாவுக்குள்ளிருந்து இந்தியத் தொலைபேசிகளுக்கு அழைக்கும் வசதியைத் தானே நிறுத்திக்கொண்டது. 2017 அக்டோபரில் டிராய் மீண்டும் பரிந்துரைத்தது. 2018 ஜூனில் அரசு இசைந்தது. அடுத்த மாதமே பிஎஸ்என்எல் 'விங்ஸ்' என்ற பெயரில் ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்கு இணையத் தொலைபேசித் திட்டத்தை அறிவித்தது.

ஆனால் பெருவாரியான வீடுகளுக்கு மாற்றம் வேறு வழியில் வந்து சேர்ந்தது. 2019 செப்டம்பர் 5-ஆம் தேதி வணிகரீதியாகத் தொடங்கிய ஜியோ ஃபைபர், பிராட்பேண்டுடன் தொலைபேசி அழைப்பை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2022 ஆகஸ்டில் ஜியோவின் தரைவழி இணைப்புகள் 73.5 லட்சத்தைத் தாண்ட, பிஎஸ்என்எல் 71.3 லட்சத்துடன் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. 2020-இல் நாடு முழுவதும் சுமார் இரண்டு கோடியாகச் சுருங்கியிருந்த தரைவழி இணைப்புகள் 2024 மார்ச்சில் 3.3 கோடியைக் கடந்தன. லேண்ட்லைன் செத்துவிட்டது என்போர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். செத்தது செப்புதான். புதிதாகச் சேர்ந்தவை பெரும்பாலும் இழையில் வந்தவை. வந்த வழியில் அரசு நிறுவனம் முன்னணியில் இல்லை.

தூரவாணி நகரின் நிழலில்

வைட்ஃபீல்டுக்கு இந்தக் கதையில் சற்றுக் கூடுதல் உறவு உண்டு. மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் 1880களில் ஆங்கிலோ இந்தியர் குடியேற்றமாக உருவான ஊர் இது. 1994-இல் இந்திய, சிங்கப்பூர் கூட்டு முயற்சியாகத் தொழில்நுட்பப் பூங்காவின் பணி தொடங்கிய பிறகே ஊரின் முகம் மாறியது. ஆனால் அதற்கு வெகு முன்பே, இங்கிருந்து பழைய சென்னைச் சாலைக்குச் சென்றால் வரும் தூரவாணி நகரில், 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை எனப்படும் ஐ.டி.ஐ. நிறுவப்பட்டிருந்தது. தூரவாணி என்றால் கன்னடத்தில் தொலைபேசி. கன்னடரும் தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் பணியாற்றிய அந்த ஆலையின் கறுப்புத் தொலைபேசிகள்தான் நாடெங்கும் வீடுகளில் மணியடித்தன.

1984-இல் சாம் பித்ரோடாவின் முயற்சியில் உருவான சி-டாட் நிறுவனம் சிறிய கிராம இணைப்பகத்தை வடிவமைத்தது. 128 முனைகள் கொண்ட அந்தக் கருவி, குளிரூட்டி இல்லாமலும் இந்திய வெயிலையும் தூசியையும் தாங்குமாறு செய்யப்பட்டது. அதன் முதல் சோதனை 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் நடந்தது. மின்சாரமும் குளிரும் நிச்சயமில்லாத ஊரில் தொலைபேசி இயங்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டு பொறியாளர்கள் வேலை செய்த காலம் அது. இன்றைய வீட்டு மோடத்தை வடிவமைப்போருக்கு அப்படியொரு நிபந்தனையை யாரும் விதித்ததாகத் தெரியவில்லை.

வைட்ஃபீல்டு அலுவலகங்களையும் இந்தச் சட்டச் சிக்கல் விட்டுவைக்கவில்லை. அழைப்பு மையங்கள் இணைய அழைப்பையும் சாதாரணத் தொலைபேசியையும் ஒரே கருவியில் இணைக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்க ஒரு கோடி ரூபாய் பிணைத் தொகை கேட்கப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் அந்தப் பிணைத் தொகையை அரசு தளர்த்தியது. அதே ஆண்டு நவம்பரில் விதிகளே பெருமளவு மாற்றப்பட்டன. பல ஆண்டு கோரிக்கைகளால் அசையாத கோப்பை ஒரு கிருமி நகர்த்தியது.

அதே நேரத்தில், கட்டுப்பாடு முழுவதும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் வாங்கி, நூற்றுக்கணக்கான சிம் அட்டைகள் செருகிய பெட்டிகள் மூலம் உள்ளூர் அழைப்பாக மாற்றிய சட்டவிரோத இணைப்பகம் ஒன்று 2021 ஜூனில் பெங்களூருவிலேயே பிடிபட்டது. ராணுவ உளவுப் பிரிவு கொடுத்த துப்பே அதற்கு உதவியது.

அவசர அழைப்பு

இந்த நீண்ட விவாதத்தில் உரிமக் கட்டணம், வருவாய்ப் பங்கு, பாதுகாப்பு என எல்லாம் பேசப்பட்டன. நள்ளிரவில் ஆம்புலன்ஸ் அழைக்கும் முதியவரைப் பற்றிய பேச்சு ஓரிரு பத்திகளில் முடிந்துபோனது. இணையத் தொலைபேசி நிறுவனங்கள் அவசர எண் வசதியை அளிக்க ஊக்குவிக்கப்படலாம், இப்போதைக்குக் கட்டாயமில்லை. அதன் வரம்புகளை வாடிக்கையாளருக்குத் தெரிவித்தால் போதும் என்பதே 2017 பரிந்துரையின் சாரம். செப்புக் கம்பி ஒரு முகவரியில் கட்டிப்போடப்பட்டது. அழைத்தவர் பேச முடியாமல் போனாலும் வீடு எது என்று இணைப்பகத்துக்குத் தெரியும். செயலி வழியே எங்கிருந்தும் பேசக்கூடிய எண்ணுக்கு அந்த உறுதி இல்லை.

பிரிட்டன் இதே மாற்றத்தில்தான் இருக்கிறது. பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 இறுதியில் அணைப்பதாக இருந்த திட்டம் 2027 ஜனவரிக்குத் தள்ளப்பட்டது. முதியோர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவிகள் புதிய இணைப்பில் வேலை செய்யாமல் போன சம்பவங்களே முக்கியக் காரணம். 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்க நிறுவனங்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தரைவழித் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்போருக்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்ய வழி தர வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையத்தின் நிலைப்பாடு. ஒரு மணி நேரம் என்பது பெங்களூரு மின்தடைக்குப் போதுமா என்பது வேறு விஷயம். அங்கே ஓர் எண்ணாவது எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே, 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த தொலைத்தொடர்புச் சட்டம் 2023 டிசம்பர் 20, 21 தேதிகளில் இரு அவைகளிலும் நிறைவேறியது. அப்போது 140-க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டு அவைக்கு வெளியே நின்றிருந்தனர். வாடிக்கையாளரின் சார்பில் இத்தகைய கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டிய நாற்காலிகளில் பல அன்று காலியாக இருந்தன.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பெயரளவில்தான். செல்லிடப்பேசி எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. தரைவழி எண்ணுக்கு அந்த வசதி அளிக்கப்படவில்லை. பிஎஸ்என்எல் செப்பிலிருந்து அதன் இழைக்கே மாறினால் பழைய எண்ணைத் தக்கவைக்க வழியுண்டு. தனியாரிடம் போனால், முப்பது ஆண்டுகளாக உறவினர் டைரிகளில் எழுதி வைத்திருந்த எண் போய்விடும். அடுக்குமாடி வளாகங்களில் கட்டடம் கட்டியவர் ஒரே நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கத்துக்கு எதிராக டிராய் 2017 ஜனவரியில் பரிந்துரை அளித்தது. 2024 அக்டோபரில் கட்டடங்களின் இணைய வசதிக்குத் தரமதிப்பீடு அளிக்கும் ஒழுங்குமுறையையும் வெளியிட்டது. அந்தத் தரப்பட்டியலில் கம்பியின் வேகத்துக்கு மதிப்பெண் உண்டு. மின்தடையில் தொலைபேசி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்கும் ஒரு கட்டம் சேர்ப்பது ஆணையத்துக்குக் கடினமான காரியமல்ல.