பாரிஸ் சுற்ற ஒரு பாஸ் - யாருக்கு லாபம்?

விடுமுறைக்குக் குழந்தைகளோடு பாரிஸ் போகிறீர்களா? கொடுத்து வைத்தவர்தான்! பெட்டி கட்டும் முன்பே யாராவது உங்கள் காதில் ஓதியிருப்பார்கள்: "மியூசியம் பாஸ் வாங்கிடு. எங்கே போனாலும் டிக்கெட் எடுக்க வேண்டாம்." சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். மீதியை நாம் பார்ப்போம்.

50க்கும் மேற்பட்ட மியூசியங்கள், அரண்மனைகள், நினைவுச் சின்னங்களுக்கு ஒரே சீட்டு, அதுதான் பாரிஸ் மியூசியம் பாஸ். 48, 96, 144 மணி நேரம் என்று மூன்று தினுசு. முதல் இடத்தில் அதைக் காட்டி உள்ளே நுழைந்ததுமே கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் ஓட்டலில் தூங்கினாலும் ஓடும். குழந்தைக்கு ஜுரம் என்று அறையிலேயே உட்கார்ந்திருந்தாலும் ஓடும்! ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தடவைதான் அனுமதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு இதை வாங்கவே வாங்காதீர்கள். லூவர், ஓர்சே, வெர்சாய் அரண்மனை போன்ற பெரிய இடங்களில் எல்லாம் 18 வயது நிரம்பாதவர்களுக்கு இலவசம். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி. வயதுக்கு அத்தாட்சியாக பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஆக, நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு பாஸ் போதும். பாஸ் அவரவர் பேரில் இருக்கும். "காலையில் அவர், மத்தியானம் நான்" என்று மாற்றிக் கொள்வதெல்லாம் நடக்காது.

அந்த இரண்டாவது லாபமா என்றால், அதற்குப் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ள வேண்டும். நிஜமாகப் போகப்போகிற இடங்களை எழுதி, தனித்தனி டிக்கெட் விலையைக் கூட்டிப் பாருங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு லூவர் டிக்கெட்டே 32 யூரோ. லூவரும் வெர்சாயும் பட்டியலில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பாஸின் விலை கூட்டுத்தொகையைவிடக் குறைந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஈஃபில் கோபுரம் இதில் சேராது. மெட்ரோ ரயிலும் சேராது. 2019இல் தீப்பிடித்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர தாம் தேவாலயத்துக்குள் போக யாருக்குமே கட்டணம் கிடையாது.

கூட்டும்போது குழந்தையின் காலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. அளவில்லாச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிவிட்டு, காசு வீணாகக்கூடாதே என்று மூச்சு முட்டச் சாப்பிடுவோமே, அந்தக் கதைதான். பாஸ் இருக்கிறதே என்று ஒரு நாளைக்கு ஐந்து இடம் ஓடினால், மூன்றாவது இடத்தில் சின்னவன் தரையில் உட்கார்ந்துவிடுவான். நாளுக்கு இரண்டு இடம், அதுதான் தாங்கும். பாட்டியும் கூட வருகிறாரா? வெற்றி வளைவின் உச்சிக்கு 284 படி! அவருக்கு ஒன்றிரண்டு இடங்களுக்குத் தனி டிக்கெட் எடுப்பதே மேல்.

கிழமையும் முக்கியம். திங்களன்று வெர்சாயும் ஓர்சேயும் மூடியிருக்கும். செவ்வாயன்று லூவர் விடுமுறை. ஞாயிறு மத்தியானம் 48 மணிப் பாஸை ஆரம்பித்தால் திங்களும் செவ்வாயும் கையைக் கடித்துவிடும். அதற்குப் பதிலாகப் புதன் காலை 11 மணிக்குத் தொடங்கிப் பாருங்களேன். வெள்ளி 11 மணி வரை செல்லும். மூன்று நாளைத் தொட்டுவிடலாம்! புதனன்று ஸேன்ட் ஷாப்பேல். 1248இல் பிரதிஷ்டையான அந்தத் தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மட்டும் 15. வெயில் அடிக்கும்போது குழந்தைகள்கூட வாய் மூடி நிற்கும். பக்கத்திலேயே ராணி மேரி ஆன்ட்வானெட் 1793இல் சிறையிருந்த கட்டடம். வியாழன் காலை வெர்சாய். அன்று ஓர்சே இரவு 9.45 வரை திறந்திருக்கும். தெம்பிருந்தால் எட்டிப் பார்க்கலாம். 1900இல் ரயில் நிலையமாகக் கட்டியதை 1986இல் மியூசியமாக்கினார்கள். அங்கேயுள்ள பெரிய கடிகாரம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெள்ளி காலை திறந்ததும் லூவர்.

பாஸ் இருந்தால் க்யூவே இல்லை என்று நம்பிவிடாதீர்கள். பையைச் சோதிக்கும் வரிசையில் எல்லோரும் நிற்க வேண்டும். லூவர், வெர்சாய், ஸேன்ட் ஷாப்பேல் மூன்றுக்கும் பாஸ் வைத்திருந்தாலும் முன்கூட்டியே நேரம் பதிந்தாக வேண்டும். அப்போதே குழந்தைகளின் இலவசச் சீட்டையும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள். நேரம் கிடைத்த பிறகு பாஸ் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

லூவரில் வெளியே வந்துவிட்டால் திரும்ப நுழைய முடியாது. ஆகவே குழந்தைகளுக்குச் சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் முதலிலேயே முடித்துவிடுங்கள். மோனாலிசாவின் முன்னால் எப்போதும் திருவிழாக் கூட்டம். படமோ 77 சென்டிமீட்டர் உயரம்தான்! சின்னவனைத் தோளில் தூக்கிக் காட்டிவிட்டு நகருங்கள். வெளியே வந்தால் பக்கத்திலேயே த்யூலரி தோட்டம். பிள்ளைகள் ஓடியாட இடமுண்டு, காசு கிடையாது. நகரில் ஆங்காங்கே பச்சை நிறத்தில் நிற்கும் வாலஸ் குடிநீர் ஊற்றுகள் 1872இலிருந்து இருப்பவை. கோடையில் பாட்டிலை அங்கேயே நிரப்பிக் கொள்ளலாம்.