போது மலரும் பொழுது

அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனப் பூவின் நிலைகளுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இவற்றுள் ‘போது’ என்பது விரியத் தொடங்கும் பூவைக் குறிக்கும். காலம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்திருப்பது மிகப் பொருத்தமே. பூ விரிவது இன்றியமையாதது. உரிய பொழுதில் விரிவது அதனினும் இன்றியமையாதது.

விரியும் முறை

இதழ்களை விரிப்பது நீரின் விசையே. மொட்டு முதிரும்போது, பல செடிகளில் இதழின் உயிரணுக்களில் சேர்ந்துள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. சர்க்கரை மிகுந்த உயிரணுக்கள் நீரை உள்ளிழுத்துப் பருக்கின்றன. இதழின் உட்புறம் வெளிப்புறத்தைவிட விரைந்து நீள்வதால் இதழ் வெளிநோக்கி வளைகிறது, மொட்டு மலராகிறது.

பொழுதறியும் திறன்

தாமரை காலையில் விரிகிறது. அந்திமந்தாரை மாலை நெருங்கும் வேளையில் மலர்கிறது. பவளமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிர்கிறது. ஒளி, வெப்பம், ஈரம் ஆகியவை செடிக்குப் பொழுதை உணர்த்துகின்றன. அவற்றோடு, ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியுடைய உயிர்க்கடிகாரமும் செடிக்குள்ளேயே இயங்குகிறது. சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ், மலர்கள் விரியும் நேரத்தையும் குவியும் நேரத்தையும் தொகுத்து, 1751ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் ‘மலர்க் கடிகாரம்’ ஒன்றை வகுத்துக் காட்டினார்.

இப்பொழுதுகள் காரணமின்றி அமைந்தவை அல்ல. பகலில் மலர்பவற்றைத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நாடி வருகின்றன. இரவில் மலர்பவற்றுள் பல, இருளிலும் புலப்படும் வெண்மையாலும் நறுமணத்தாலும் அந்துப்பூச்சிகளை ஈர்க்கின்றன. பூச்சிகளை நம்பி வாழும் செடியில், பூ விரியும் வேளையும் பூச்சி வரும் வேளையும் பொருந்தாவிடில் காயும் இல்லை, விதையும் இல்லை.

நெல் மலரும் வேளை

நெற்பூவுக்கு வண்ண இதழ்கள் இல்லை, தேனும் இல்லை. பெரும்பாலும் அது தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. ஆயினும் பொழுது அதற்கும் உயிர்நிலையாகும். முற்பகலில், பூவின் அடியிலுள்ள இரு சிறு செதில்கள் நீரை உறிஞ்சிப் பருத்து உமிகளைப் பிரிக்கின்றன. ஆறு மகரந்தப்பைகள் வெளிப்பட, மகரந்தத்தூள் சூலகமுடியில் படிகிறது. பின்னர்ச் செதில்கள் சுருங்க, ஓரிரு மணி நேரத்தில் உமிகள் மூடிக்கொள்கின்றன. மூடிய பூ மீண்டும் விரிவதில்லை.

அந்தக் குறுகிய வேளையில் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைக் கடந்து நீடித்தால், மகரந்தப்பைகள் முறையாக வெடிப்பதில்லை. மகரந்தத்தூளும் வளம் குன்றுகிறது. கருவுறாத பூ பால் பிடிக்காது பதராகிறது. உழுது, நட்டு, நீர் பாய்ச்சிக் காத்த பல மாத உழைப்பின் பயனைப் பூக்கும் சில நாள்களின் வெப்பம் குறைத்துவிடக்கூடும்.

புவி வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் இதற்கான தீர்வும் பூவின் இயல்பிலிருந்தே தேடப்படுகிறது. காலையில் முன்னதாகவே மலரும் காட்டு நெல்லினம் ஒன்றின் பண்பைப் பயிர்நெல்லில் சேர்த்து, வெயில் ஏறும் முன்பே மலரும் நெல்லை அறிவியலாளர்கள் உருவாக்கியுள்ளனர். பூ ஓரிரு மணி நேரம் முந்தி விரிந்தால், பதராக வேண்டியது நெல்மணியாகக்கூடும்.