தவளை முட்டையணுவில் பிரியான் புரத ஆய்வு

தவளை முட்டையணுவில் பிரியான் புரத ஆய்வு என்பது, ஆப்பிரிக்க நகத்தவளையின் முதிரா முட்டையணுவைக் கொண்டு பாலூட்டிகளின் பிரியான் புரதத்தை உருவாக்கச் செய்து, அப்புரதம் உயிரணுவில் எங்கு சென்று சேர்கிறது என்பதை அறியும் முறையாகும்.

பிரியான் புரதம் இயல்பாகவே பாலூட்டிகளின் உடலில் உள்ளது. மனிதரில் 20ஆம் நிறப்புரியிலுள்ள மரபணு ஒன்று இதற்குக் காரணம். இதே புரதம் பிறழ்வாக மடியும்போது செம்மறியாடுகளில் சுகிராப்பி, மாடுகளில் பித்தப்பசு நோய், மனிதரில் குரோய்ட்சுபெல்ட்-யாக்கோபு நோய் ஆகியவை உண்டாகின்றன. 'பிரியான்' என்னும் பெயரை 1982இல் இட்ட ஸ்டான்லி புருசினர் 1997இல் நோபல் பரிசு பெற்றார். தவளை அணுவில் உருவாக்கப்படுவது இயல்பான புரதமே, நோய் தரும் வடிவம் அன்று.

ஏன் தவளை?

நகத்தவளையின் முதிர்ந்த முட்டையணு ஏறத்தாழ 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டம் கொண்டது, வெறுங்கண்ணுக்கே தெரியும். எனவே நுண்ணிய கண்ணாடி ஊசியால் சில பத்து நானோலிட்டர் நீர்மத்தை அதனுள் செலுத்த இயலும். இயக்குநீர் ஊசி போட்டால் ஆண்டின் எக்காலத்திலும் இத்தவளை முட்டையிடும். (1930களிலிருந்து பல பத்தாண்டுகள் மருத்துவமனைகளில் கருவுற்றதை அறியும் சோதனைக்கு இத்தவளைகள் பயன்பட்டதற்கும் இப்பண்பே காரணம்.) 1971இல் ஜான் குர்டனும் உடனாய்வாளர்களும் முயலின் ஈமோகுளோபினுக்குரிய செய்தி ஆர்.என்.ஏ.வை முட்டையணுவில் செலுத்தினர். தவளையின் அணு முயலின் புரதத்தைத் தயாரித்தது. வேற்று வரைபடத்தைக் கொடுத்தாலும் அதன்படியே பொருள் செய்து தரும் தொழிற்சாலை போன்றது இவ்வணு.

1987ஆம் ஆண்டு ஆய்வு

புருசினர், விசுவநாத் லிங்கப்பா ஆகியோரின் குழு, பிரியான் புரதம் மென்சவ்வை எவ்வாறு கடக்கிறது என்று ஆராய்ந்தபோது முரண்பட்ட விடைகள் கிடைத்தன. உடைத்த அணுக்களின் சாற்றில் அவர்கள் புரதத்தை உருவாக்கினர். கோதுமை முளைச் சாற்றில் உருவான புரதம் மென்சவ்வில் குறுக்காகச் சிக்கி நின்றது. முயலின் இளஞ்செங்குருதியணுச் சாற்றில் உருவானதோ பெரும்பாலும் மென்சவ்வை முழுமையாகக் கடந்து அப்பால் சென்றது. செய்தி ஒன்றே, சாறு மட்டுமே வேறு. உடைபடாத, உயிருள்ள அணு என்ன செய்யும் என்று பார்ப்பதே அடுத்த வழி. முட்டையணுவில் செய்தி ஆர்.என்.ஏ.வைச் செலுத்தியபோது புரதம் வெளியே சுரக்கப்பட்டது. அதாவது முழுமையாகக் கடக்கும் வடிவம் சோதனைக்குழாயின் விந்தை மட்டுமன்று என்று தெரிந்தது. அதே ஆண்டு, இப்புரதம் கொழுப்புச் சேர்ந்த ஒரு நங்கூரத்தால் அணுவின் வெளிப்புறத்தில் பிணைந்திருப்பதும் கண்டறியப்பட்டது.

முறையின் எல்லைகளையும் கருத வேண்டும். முட்டையணு 20 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பநிலையில் வைக்கப்படுகிறது; பாலூட்டிப் புரதமோ 37 பாகையில் மடிவது. அது நரம்பணுவும் அன்று. ஆகவே பிற்கால ஆய்வுகள் பெரிதும் பாலூட்டி அணு வளர்ப்புகளையும் எலிகளையுமே நாடின.

குறுக்காகச் சிக்கும் வடிவம் பொருளற்றதாகிவிடவில்லை. இராமானுசன் எக்டே, லிங்கப்பா முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வகை வடிவமொன்றை மிகுதியாக உண்டாக்கும் மரபணு மாற்றம் பெற்ற எலிகளின் மூளை சிதைந்தது. பரம்பரைப் பிரியான் நோயொன்றில் இறந்த மனிதரின் மூளையிலும் அவ்வடிவம் மிகுந்திருந்தது.