இரண்டே வாரத்தில் குடலை மாற்றிய சாப்பாடு!

நம்மால் செரிக்க முடியாமல் மிஞ்சுவதுதான் பெருங்குடலுக்குச் சாப்பாடு, தெரியுமா?

சோறும் மீனும் எண்ணெயும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நம் உடம்பின் எந்த நொதிக்கும் மசியாத நார்ச்சத்துதான் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்குள் முழுசாக வந்து இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து, பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதம் இதிலிருந்துதான் கிடைக்கிறது! ரத்தத்தில் குளுக்கோஸ் ஓடிக்கொண்டிருந்தாலும் அவை முதலில் எடுப்பது பியூட்டிரேட்டைத்தான். அழற்சியை, அதாவது உள்சுவர் சிவந்து வீங்கிப் புண்ணாவதை, அடக்கி வைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

சரி, பெருங்குடலுக்கு எதுவுமே வராவிட்டால்?

அதுவும் நடக்கிறது. சில நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சையில் குடலை வெட்டி, வயிற்றின் மேல் துளையிட்டு, மலம் ஒரு பையில் சேரும்படி செய்வார்கள். அதற்குக் கீழே இருக்கும் பெருங்குடல் பகுதிக்கு ஒரு பருக்கைகூடப் போகாது. நல்லபடியாக இருந்த அந்தப் பகுதி, சும்மா கிடந்தே அழற்சி கண்டுவிடுகிறது! சளியும் ரத்தமும்கூட வரலாம். 1989-ல் அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப்பட்ட நான்கு நோயாளிகளுக்கு, பியூட்டிரேட் அடங்கிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலக் கரைசலை எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் அழற்சி தணிந்தது. நால்வர்தான், சிறிய ஆய்வுதான். ஆனாலும் பெருங்குடல் பட்டினி கிடக்கும் என்பதை இதைவிட நேராக யாரால் காட்ட முடியும்?

இன்னும் பெரிய ஆச்சரியம் 2015-ல் வந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓ'கீஃப் குழுவினர் அந்நகரத்து ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரையும், தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கிராமத்தார் 20 பேரையும் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றிப் போட்டார்கள். அமெரிக்கர்களின் தட்டில் மக்காச்சோளம், காராமணி, வெண்டைக்காய், மாம்பழத் துண்டுகள். கிராமத்தாரின் தட்டில் சாசேஜ், பர்கர், பொரித்த உருளைக்கிழங்கு. நாளுக்கு 14 கிராம் நார்ச்சத்து சாப்பிட்டு வந்த அமெரிக்கர்களுக்கு 55 கிராம். 66 கிராம் சாப்பிட்டு வந்த கிராமத்தாருக்கு வெறும் 12 கிராம்!

அதற்கு முன்னும் பின்னும் எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. முதல் சோதனையிலேயே அமெரிக்கர்களில் 9 பேருக்குக் குடலில் பாலிப் எனும் சிறு கட்டிகள் இருந்தன. கிராமத்தாரில் ஒருவருக்கும் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அமெரிக்கர்களுக்கு பியூட்டிரேட் இரண்டரை மடங்கு கூடி, குடல் சுவரில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்திருந்தன. கிராமத்தாருக்கு பியூட்டிரேட் பாதியாகி, அழற்சி ஏறியிருந்தது. பதினான்கே நாளில்! புற்றுநோய் குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை, பார்த்தது முன்னறிகுறிகளை மட்டும்தான். ஆனால் குடலின் போக்கு இத்தனை சீக்கிரம் திரும்பும் என்பதே எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை தருகிறது.

பாக்டீரியாக்களைப் பட்டினி போட்டால் அவை எதைத் தின்னும் தெரியுமா? நம் குடலையே! உள்சுவரைக் காக்கும் வழவழப்பான சளிப் படலத்தை அவை அரிக்கத் தொடங்குகின்றன. மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றி, நார்ச்சத்தே இல்லாத தீனி போட்டு வளர்த்த எலிகளிடம் 2016-ல் இதைக் கண்டார்கள். படலம் மெலிந்த எலிகளைக் குடல் தொற்று கடுமையாகத் தாக்கியது.

தயிருக்கும் இதில் இடம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், தயிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளைப் பத்து வாரம் நிறையச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில், அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தை மட்டும் கூட்டியவர்களிடம் அதே காலத்தில் அப்படி ஒருசேரக் குறையவில்லை. ஆகவே பயறும் காயும் தட்டில் இருக்கட்டும், கூடவே ஒரு கிண்ணம் தயிரும் இருக்கட்டும்.

தட்டில் குறைக்க வேண்டியதும் உண்டு. பேக்கன், சாசேஜ் மாதிரி பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சொன்னது. அந்த இறைச்சியைக் குறைப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஏற்கெனவே குடல் அழற்சி நோய் தீவிரமாக இருப்பவர்களும், குடல் சுருங்கிப்போனவர்களும் நார்ச்சத்தைத் தாமாகக் கூட்டிவிட வேண்டாம். வலியும் அடைப்பும் வரலாம், மருத்துவரைக் கேட்டே சாப்பிடுங்கள். மற்றவர்கள் மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரும் நிறையக் குடியுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் மூலம்தான் என்று நீங்களாகவே முடிவு கட்டாமல், தயவுசெய்து உடனே போய்ப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.