சொல்லிச் செய்த வில்: ஆர்டர் கொடுக்கும் முன்பும் குறை கண்ட பின்பும்

பிரிட்டனில் இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்பது பலருக்கும் தெரியும். நம் அளவைச் சொல்லிச் செய்யக் கொடுத்த வில்லுக்கு அந்த உரிமை கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாங்குபவரின் குறிப்புப்படி செய்த பொருள்களை 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் இந்தச் சலுகையிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. கைப்பிடி மரம் படத்தில் பார்த்ததைவிடக் கறுப்பாகத் தெரிகிறது, இழுக்கக் கடினமாக இருக்கிறது, வீட்டில் திட்டு விழுகிறது என்று எதைச் சொன்னாலும் எடுபடாது.

இதைச் சாக்காக வைத்து, "கஸ்டம் ஆர்டர், எந்தப் புகாரும் ஏற்கப்படாது" என்று ரசீதில் அச்சடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. வியாபாரியிடம் வாங்கும் எந்தப் பொருளும் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும், இன்ன வேலைக்கு வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அதற்கு உதவ வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். ஒருவருக்காகவே செய்த வில்லும் இதற்குள் அடக்கம். ஆனால், எது வில்லின் குறை, எது வாங்கியவரின் பிசகு என்று பின்னால் பிரித்துக் காட்டப்போவது ஆர்டர் தாள் ஒன்றுதான். பொருத்தமான வில்லைத் தேர்ந்தெடுப்பதும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்வதும் அந்தத் தாளில்தான் நடக்கின்றன.

இங்கே பேசப்போவது டேக்டவுன் நெடுவில்லைப் பற்றி. அது பிரித்து மாட்டக்கூடியது. 66 அங்குல வில்லை ரயிலிலோ சின்னக் காரிலோ கொண்டுபோவது பெரும்பாடு. பிரித்தால் தோள்பையில் அடங்கிவிடும். ஒரு வகையில் கைப்பிடிக்குள் குழல் மூட்டு இருக்கும். மேல்பாதியும் கீழ்பாதியும் அதில் செருகிக்கொள்ளும், நாணேற்றியதும் அந்த விசையே இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும். இன்னொரு வகையில் கைப்பிடி தனித்துண்டு. லிம்ப் எனப்படும் வளையும் பகுதிகள் மேலும் கீழும் போல்ட் போட்டு முடுக்கப்படும். மூன்று துண்டு வில் பார்வைக்குக் கொஞ்சம் முரடு, கையிலும் கனம். இருந்தாலும் முதல் முறை வாங்குகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். ஒரு லிம்ப் பழுதானால் வில் முழுதும் போகாது. தோள் பழகியபின் கூடுதல் விசையுள்ள லிம்ப் ஜோடி ஒன்றை அதே கைப்பிடிக்குச் செய்து வாங்கிக்கொள்ளலாம்.

தகராறு அதிகம் வருகிற இடம் இழுவிசை. வில்லில் 45, 28 என்று இரண்டு எண்கள் எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுக்கும்போது விரலில் 45 ராத்தல் விசை ஏறும் என்று பொருள். (களத்தில் எல்லோரும் பவுண்டு என்றுதான் சொல்வார்கள். காசோடு குழம்பாமலிருக்க இங்கே எடையை ராத்தல் என்றே எழுதுகிறேன்.) நீங்கள் 26 அங்குலம் மட்டுமே இழுப்பவர் என்றால், அங்குலத்துக்கு 2 முதல் 3 ராத்தல் வீதம் குறைந்து, கைக்குக் கிடைப்பது 40-ஐ ஒட்டித்தான் இருக்கும். 28-இல் 45 கேட்டீர்கள், 28-இல் 45 வந்திருக்கிறது. சட்டத்தின் பார்வையில் வில்லில் குறையில்லை. அதுவே, "என் இழுநீளம் 26 அங்குலம். அந்த நீளத்தில் 40 ராத்தல் வேண்டும், 2 கூடினாலும் குறைந்தாலும் சம்மதம்" என்று எழுதிக் கொடுத்திருந்து, 46 ராத்தலில் வில் வந்தால் அது விவரித்தபடி இல்லாத பொருள். திருப்பிக் கொடுக்கலாம்.

இழுநீளத்தை எப்படி அளந்தீர்கள் என்பதையும் தாளில் குறியுங்கள். தொழிலில் வழங்கும் பொது அளவு, கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை அளந்து 1¾ அங்குலம் கூட்டுவது. சிலர் அம்பை இழுத்துப் பிடித்து, வில்லின் முன்விளிம்பு வரும் இடத்தில் பேனாவால் குறிபோட்டு அளப்பார்கள். இரண்டும் ஒத்துவரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒலிம்பிக் பாணி ரிகர்வ் வில்லில் அளந்த எண்ணை நெடுவில்லுக்கு அப்படியே கொடுத்துவிடவும் கூடாது. கன்னத்தில் விரல் பதித்து, முழங்கையைச் சற்று மடக்கிப் பிடிக்கிற நெடுவில் பாணியில் பலருக்கு இழுநீளம் குறைந்துபோகும். வில்வித்தைச் சங்கத்தில் யாரிடமாவது நெடுவில்லை இரவல் வாங்கி அதில் அளப்பது நல்லது.

எத்தனை ராத்தல் என்பதில் ஒரு வீம்பும் கலந்திருக்கிறது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த வில்களில் பல 100 ராத்தலைத் தாண்டியவை என்று கணித்திருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டதும், நமக்கு 50கூடவா முடியாது என்று தோன்றும். அந்தப் போர்வீரர்கள் சிறுவயதிலிருந்தே இழுத்துப் பழகியவர்கள். எலும்பிலேயே அதன் தடம் தெரியும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வருகிற நாம் 20, 25 ராத்தல் சங்க வில்லில் தொடங்குவதுதான் முறை. முழுதாக இழுத்துச் சில நொடிகள்கூட நடுங்காமல் நிற்க முடியவில்லையா, அது உங்களுக்குக் கூடுதல். அதோடு மல்லுக்கட்டினால் குறி பார்க்குமுன்பே விரல் நாணை விட்டுவிடும், நாளடைவில் தோள் மூட்டின் தசைநார்கள் கிழியலாம். நீங்களே கேட்டு வாங்கிய விசைக்கு விற்றவரிடம் இழப்பீடு கேட்க வழியில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வலக்கை வில் என்றால் வலக்கையால் நாணை இழுப்பது, இடக்கையால் பிடிப்பது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஆர்டர் கொடுத்துவிட்டால் நஷ்டம் நம்முடையது. அம்புக்கு மேலும் கீழும் விரல் வைத்து இழுப்பவரா, மூன்று விரலும் கீழே வைப்பவரா என்பதைப் பொறுத்து மேல் லிம்ப், கீழ் லிம்ப் இரண்டின் சமநிலையை வில் செய்பவர் மாற்றுவார்; அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். உயரமான ஆள் குட்டையான வில் வாங்கினால் கடைசி அங்குலங்களில் விசை திடீரென ஏறும், நாண் விரலை நெருக்கும். எந்த நாண் போடலாம், நாணுக்கும் கைப்பிடிக்கும் இடைவெளி எவ்வளவு, குறைந்தபட்ச அம்பு எடை என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நீளாத புதுவகை நாணைத் தாங்க வில்முனை உறுதியாக இருக்க வேண்டும். அப்படியில்லாத வில்லில் அதைப் போட்டு முனை பிளந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதையும் தாளில் ஏற்றுங்கள். ஆங்கில நெடுவில் பிரிவு மரத்தால் ஆன, உட்புறம் டி வடிவில் உருண்ட வில்லைத்தான் ஏற்கும். கண்ணாடியிழை ஒட்டிய தட்டை வில்லுக்கு அங்கே இடமில்லை. "இன்ன சங்கத்தின் இன்ன பிரிவில் எய்வதற்கு" என்ற ஒரு வரி ஆர்டரில் இருந்து, வந்த வில் அந்தப் பிரிவின் விதிக்குள் அடங்காவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். வாயால் சொன்னதும் செல்லும்தான், நிரூபிப்பதுதான் பாடு. அமெரிக்காவில் செய்த வில்களை வேட்டைக்கென்று விளம்பரம் செய்திருப்பார்கள். பிரிட்டனில் வில்லால் விலங்கு, பறவைகளை வேட்டையாடுவது குற்றம்.

பணம் கட்டும்போது இரண்டு கவனம் வேண்டும். முன்பணத்தின் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டி 30,000க்குள் இருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் விற்றவரோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. கார்டில் கட்டியது 50 பவுண்டு மட்டுமே என்றாலும் முழு விலைக்கும் கேட்கலாம், விற்றவர் வெளிநாட்டில் இருந்தாலும் கேட்கலாம். வில் செய்வது பெரும்பாலும் தனி ஒருவர் பட்டறையில் நடக்கிற தொழில். வில் முடியும் முன்பே பட்டறை மூடப்பட்டால் இந்தப் பிரிவுதான் கைகொடுக்கும். நண்பருக்கு அனுப்புவதுபோல் பணம் போடச் சொன்னால் போடாதீர்கள், அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அடுத்தது தேதி. "ஆறேழு மாதம் ஆகும்" என்பது தேதி அல்ல. நாள் குறித்து, அந்த நாள் தவறினால் நியாயமான இன்னொரு கெடு கொடுத்து, அதுவும் தவறினால் ஒப்பந்தத்தை முறித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முன்பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது என்ற நிபந்தனை, விற்றவருக்கு ஏற்பட்ட உண்மையான இழப்பைவிட மிக அதிகமான தொகையை முடக்கினால், நியாயமற்றது என்று எதிர்க்கலாம்.

வில் வந்த அன்று செய்ய வேண்டியவை சில. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து படம் எடுங்கள். பொருள் உங்கள் கைக்கு வரும்வரை சேதத்துக்கு விற்றவரே பொறுப்பு. கூரியர்காரரிடம் பேசுங்கள் என்று உங்களை அனுப்ப முடியாது. நாணேற்றும் முன் ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து லிம்பின் இரு ஓரங்களிலும், வில்முனையைச் சுற்றியும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிம்பு இருந்தால் பஞ்சிழை அங்கே சிக்கிக்கொண்டு நிற்கும். மூட்டில் செருகி நாணேற்றியபின் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், நாண் இரண்டு லிம்பின் நடுக்கோட்டிலும் விழ வேண்டும். ஒன்றில் ஓரம் ஒதுங்கினால் லிம்ப் முறுக்கியிருக்கிறது, அல்லது மூட்டு நேராகப் பொருந்தவில்லை. பாதி இழுத்து மெல்லத் தளர்த்தும்போது கைப்பிடிக்குள் 'டிக்' என்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். மண் துகளாக இருக்கலாம். துடைத்து மாட்டியும் சத்தம் போகாவிட்டால் மூட்டில் ஆட்டம் இருக்கிறது. அந்த வில்லில் அம்பு தொடுக்காதீர்கள்.

உங்கள் கையால் வில் கெடும் வழிகளும் உண்டு, விற்றவரின் வழக்கறிஞர் முதலில் தேடுவது அவற்றைத்தான். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது, காலுக்கிடையில் வில்லை நுழைத்து வளைத்து நாணேற்றுவது, வெயிலில் பூட்டிய காருக்குள் போட்டுவைப்பது, மிக இலேசான அம்பு எய்வது. முதலாவதில் அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் வில்லுக்குள்ளேயே திரும்புகிறது. இரண்டாவதில் லிம்ப் முறுக்கிக்கொள்கிறது. மூன்றாவதில் அடுக்குகளை ஒட்டிய பசை இளகுகிறது. நாணேற்றும் கயிறு சில பவுண்டுக்குக் கிடைக்கும். வில்லோடு சேர்த்தே வாங்கி, அதன் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். அம்பு எடைக்கு, இழுவிசையின் ஒவ்வொரு ராத்தலுக்கும் 8 முதல் 10 கிரெய்ன் என்று கணக்கு வைப்பார்கள். 40 ராத்தல் வில்லுக்கு 320-க்குக் கீழே போகக் கூடாது.

குறை தெரிந்தால் எய்வதை நிறுத்தி, படத்தோடு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கிடைத்த 30 நாட்களுக்குள் வில்லை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். குறை இருந்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும். பழுது பார்த்துத் தரச் சொன்னால், விற்றவரிடம் வில் இருக்கும் நாட்கள் அந்த 30-இல் சேராது. 30 கடந்துவிட்டால் பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதுவும் தோற்றால் விலையில் குறைப்பு அல்லது நிராகரிப்பு. முதல் 6 மாதத்தில் தெரிகிற குறை ஆரம்பத்திலேயே இருந்தது என்று இந்தக் கட்டத்தில் சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. திருப்பி அனுப்பும் செலவும் அவருடையது. "ஆயுள்கால உத்தரவாதம்" என்ற அட்டை இதற்கெல்லாம் மேல் கிடைக்கிற உபரி. அதன் நிபந்தனையைக் காட்டிச் சட்ட உரிமையை மறுக்க முடியாது.

லிம்ப் வெடித்துக் காயம் பட்டால் விஷயம் வேறு. குறையுள்ள பொருளால் காயமடைந்தவர் 1987ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரித்தவர்மீது வழக்குப் போடலாம். வாங்கியவர்தான் போட வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் நின்றவருக்கும் உரிமை உண்டு. பொதுவாக 3 ஆண்டுக்குள் தொடங்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆய்வு கேட்டால் ஒட்டுமொத்தமாக விற்றவரிடம் அனுப்பிவிடவும் வேண்டாம். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

விற்றவருக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் கார்டு நிறுவனத்துக்கு எழுதலாம். ஆலோசனைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் இலவச நுகர்வோர் எண் 0808 223 1133. இங்கிலாந்திலும் வேல்சிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கையைச் சிறு வழக்குப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். ஸ்காட்லாந்தில் வரம்பு 5,000.

இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ ஆர்டர் கொடுப்பவர்களுக்கு நிலைமை கடினம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊரிலேயே புகார் தரலாம், 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம். ஆனால் தீர்ப்பை வெளிநாட்டுப் பட்டறைமீது நிறைவேற்றுவது லேசல்ல. மாற்று லிம்ப் வந்தாலும் போக்குவரத்துச் செலவும் சுங்கவரியும் உங்கள் தலையில் விழலாம். யார் கட்டுவது என்பதை ஆர்டரிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

பழைய வில் வாங்குகிறவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. தனிநபர் ஒருவர் விற்றால், பொருள் அவருடையதாக இருக்க வேண்டும், சொன்னபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். தரத்துக்கு அவர் பொறுப்பல்ல. செய்தவரின் உத்தரவாதமும் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். அதனால் "லிம்பில் முறுக்கு இல்லை, ஒட்டு விடவில்லை, மூட்டில் ஆட்டம் இல்லை, 28 அங்குலத்தில் இத்தனை ராத்தல்" என்று அவர் வாயால் சொல்வதைக் குறுஞ்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பஞ்சுத் துணுக்கை வெளியே எடுக்கக்கூட வேண்டியதில்லை.