ராத்திரி ஆர்டர் பண்ற ரோலுக்கு மாசம் எவ்வளவு போகுது? வீட்டுலயே காராமணி ரோல் கணக்கு

அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட் முடிச்சு, கரையான்சாவடி ஜங்ஷன்ல பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி எட்டு. பசி. வீட்டுல அம்மாவுக்கும் முடியல. அந்த அஞ்சு நிமிஷத்துலதான் நீங்க ஃபோனை எடுக்குறீங்க. உங்க பட்ஜெட் ஓட்டையாகுறது பெரும்பாலும் அங்கதான்.

நாலு பேருக்கு நாலு ரோல், ஒண்ணு 120 ரூபாய்னு வைங்க. 480. அதுமேல 5 சதவீதம் ஜிஎஸ்டி 24 ரூபாய். பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் சேர்ந்தா 570, 580-ல நிக்கும். அந்த பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023-ல வெறும் 2 ரூபாயா ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே சொமாட்டோல 10 ரூபாய் ஆச்சு. சின்னத் தொகைதானே என்று யாரும் கவனிக்கறதில்ல. வாரம் ரெண்டு தடவை ஆர்டர் போட்டா மாசம் சுமார் 4,600 ரூபாய்.

மெக்சிகோகாரங்க டார்ட்டிலானு சொல்றது அடிப்படையில தட்டையான ரொட்டி. அங்க மக்காச்சோளம், இங்க கோதுமை. உள்ள வைக்கிற பீன்ஸுக்குப் பதிலா நம்ம காராமணி போதும். ராஜ்மாவும் வைக்கலாம், ஆனா விலை கூட. ராஜ்மாவை அரைவேக்காடா மட்டும் சாப்பிடாதீங்க, வயித்தைக் கெடுக்கும். ஊறவெச்ச தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில குக்கர்ல நல்லா மசிய வேகவிடணும்.

செய்முறைக்குப் பெரிய வித்தை ஒண்ணும் வேண்டாம். 200 கிராம் காராமணியை முந்தின ராத்திரியே ஊறப் போட்டுடுங்க. மறுநாள் உப்பு போட்டு நாலஞ்சு விசில். வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், சீரகத்தூள் சேர்த்து, வெந்த காராமணியில பாதியை மசிச்சுக் கொட்டிக் கிளறுங்க. கெட்டியா இருக்கணும். தண்ணியா இருந்தா ரோல் பிஞ்சு கையெல்லாம் வழியும். கோஸ், கேரட், குடைமிளகாயை மெல்லிசா நறுக்கி, அதிக தீயில ரெண்டே நிமிஷம் வதக்கினா மொறுமொறுனு இருக்கும். 400 கிராம் மாவுல கொஞ்சம் பெரிய சப்பாத்தியா எட்டு வரும். சீஸ் வேண்டாம், துணியில வடிகட்டின கெட்டித் தயிர்ல எலுமிச்சை பிழிஞ்சு தடவுங்க. சின்னப் பசங்களுக்கு உருட்டாம பாதியா மடிச்சு, தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் அழுத்திச் சுட்டுக் கொடுங்க, சிந்தாது.

இப்போ செலவு. மாவு 24, காராமணி 24, காய்கறி 40, தயிர், எண்ணெய், மசாலா, கேஸ் எல்லாம் சேர்த்து 32. மொத்தம் 120 ரூபாய்க்கு எட்டு ரோல், ஆளுக்கு ரெண்டு. உங்க தெருக் கடை விலையைப் போட்டுப் பாருங்க, பத்திருபது ரூபாய் முன்ன பின்ன வரும்.

மாவு பிசைய நேரமில்லையா? பாக்கெட் சப்பாத்தி வாங்குங்க, தப்பில்ல. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சப்பாத்தி, பரோட்டா ரெண்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அதுக்கு முன்னாடி பரோட்டாவுக்கு 18 சதவீதம், சப்பாத்திக்கு 5. இந்த வித்தியாசத்துக்கு நடந்த சண்டையே தனி வீடியோ போடலாம்!

மாசம் எட்டு தடவைனா வீட்டுச் செலவு 960. மிச்சம் 3,600. ஆனா ஒரு விஷயம்: இந்தக் காசு அக்கவுண்ட்லயே கிடந்தா வேற ஏதாவது ஆஃபர்ல போயிடும். சம்பளம் வந்த மறுநாளே 3,000 ரூபாய் தானா போற மாதிரி போஸ்ட் ஆபீஸ் ஆர்டி போடுங்க. இப்போ இருக்கிற 6.7 சதவீத வட்டியில 5 வருஷத்துல நீங்க போடுறது 1,80,000, கையில வர்றது சுமார் 2,14,000. மீதி 600-ல மாசம் ஒரு தடவை குடும்பத்தோட ஆர்டர் பண்ணிச் சாப்பிடுங்க, அதையும் நிறுத்தச் சொல்லல.

முதல் வாரம் ஞாயிறு, புதன்னு ரெண்டு ராத்திரி மட்டும் ஊறப் போடுங்க. கொஞ்சம் கூடவே ஊறப் போட்டா, மிச்சக் காராமணி மறுநாள் டிஃபன் பாக்ஸ்ல சுண்டலாப் போயிடும்.